பங்கேற்கும் கடை எங்கே இருக்கிறது?

சங்கிலிக் கடைகளின் சலுகை விளம்பரத்தில் "நாடெங்கும்" என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில், "பங்கேற்கும் கடைகளில் மட்டும்." சரி, எந்தக் கடைகள்? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கணினியில் தேடினால் ஐபி முகவரியை (நம் இணைய இணைப்பின் அடையாள எண்ணை) வைத்து இடத்தை ஊகித்து, வேறு ஏதோ ஊரின் கடைகளைக் காட்டுகிறது. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் "5 கிலோமீட்டர்" என்கிறது. அது நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஆறு இருந்தால் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். பறந்தா போக முடியும்?

அப்புறம் நேரில் போனால், "எங்கள் கிளையில் இது கிடையாதுங்க." அதே பெயர்ப்பலகை, அதே நிறம், அதே சீருடை. ஆனால் அது உரிமம் வாங்கித் தனி முதலாளி நடத்தும் கடையாம், சலுகையில் சேர்வது அவர் விருப்பமாம். வாசலில் நிற்கிற எனக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கடை மூடியே கிடந்தது. பட்டியலில் மட்டும் இன்னும் "திறந்துள்ளது"! பட்டியலைத் திருத்துவது அவ்வளவு பெரிய வேலையா? இதை நம்பி இரண்டு பேருந்து மாறிப் போய், வெறுங்கையோடு திரும்பும் வயதானவர்களை நினைத்தால் ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது.