குறை படத்தில் இல்லை, படத்தை விரிக்கும் நிரலில்

ஐயா, நம் சுங்கை சிப்புட் தோட்டத்துப் புலனக் குழுவில் சுற்றும் குறிப்பை இங்கே பகிர்ந்திருக்கிறீர்கள்: "வெப்பி படங்களில் வைரஸ் இருக்கிறது, கோப்பின் பெயரை ஜேபெக் என்று மாற்றினால் ஆபத்தில்லை, குரோமை நீக்கினால் போதும்." வெப்பி (WebP) என்பது இணையத்தில் பயன்படும் ஒரு பட வகை; ஜேபெக் (JPEG) இன்னொரு வகை. பெயரை மாற்றினால் உள்ளே ஒரு பைட் கூட மாறாது. பல மென்பொருள்கள் படத்தின் வகையை அறிவதே முதல் சில பைட்டுகளை வைத்துத்தான்.

2023 செப்டம்பரில் வெளியான குறை, லிப்வெப்பி (libwebp) என்ற நிரலகத்தில், அதாவது வெப்பி படங்களைத் திறக்கப் பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பில், இருந்தது. தரம் இழக்காத வகை வெப்பி படத்தை விரிக்க அது ஹஃப்மன் அட்டவணைகளைக் (சுருக்கிய தரவை மீட்க உதவும் குறியீட்டு அட்டவணைகள்) கட்டுகிறது. அதற்கான நினைவகம் முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் அந்தக் கணக்கை மீறச் செய்தது. வாளி நிறைந்த பிறகும் பாலை ஊற்றியதுபோல், தரவு பக்கத்து நினைவகத்தில் போய் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தாக்குபவர் தன் நிரலை ஓடவைக்க முடியும். (உங்கள் அத்தை அனுப்பும் காலை வணக்கப் படம் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்யாது.)

குரோமை மட்டும் பழிப்பதும் சரியன்று. ஃபயர்பாக்ஸும், எலக்ட்ரான் (கணினிச் செயலிகள் உருவாக்க உதவும் கருவி) கொண்டு செய்த செயலிகள் பலவும் இதே நிரலகத்தின் பிரதியைச் சுமந்தன. திருத்தம் லிப்வெப்பியின் 1.3.2 பதிப்பில் வந்தது. ஆனால் ஒவ்வொரு செயலியையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே 'பட வைரஸ்' துடைக்கிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். செயலிகளையும் இயங்குதளத்தையும் புதுப்பியுங்கள். புதுப்பிப்பே வராத பழைய கைத்தொலைபேசி என்றால், அதில் வங்கிச் செயலியை வைத்திருக்க வேண்டாம்.