சிகரெட் வரியும் எங்கட ஊர் நியாயங்களும்

சிகரெட்டுக்கு வரி கூட்டினால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நடுத்தெருவுக்கு வந்துவிடுவான் என்று ஒரு கதை இங்கே ஓடித் திரிகிறது. ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தோடும் இது கிளம்பும். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள்.

சிகரெட்டுக்குள் இருப்பது வேர்ஜீனியா என்ற வேறு இனப் புகையிலை. அது குருநாகல், பொலன்னறுவைப் பக்கம் விளைவது. எங்கள் செம்மண்ணில் நிற்கிற புகையிலை சுருட்டுக்கும், வெற்றிலையோடு சப்புவதற்கும் போகிறது. ஒரு காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய சரக்கு அது. தெற்கில் ஊர் ஊராகச் சுருட்டுக் கடை போட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் இலங்கையில் சட்டப்படி சிகரெட் செய்வது ஒரேயொரு கம்பனி, அதன் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம். அவர்களுடைய வழக்கைத் தோட்டக்காரனின் பெயரில் நாங்கள் ஏன் வாதாட வேண்டும்? தோட்டக்காரனுக்காகக் கதைப்பதென்றால், 2020உடன் புகையிலைச் செய்கையையே நிறுத்தப் போகிறோம் என்று அரசு அறிவித்தபோது, பதிலுக்கு எந்தப் பயிர், யார் வாங்குவது என்று கேட்டிருக்கலாம். 2020 வந்து போனது, புகையிலை இன்னும் தோட்டத்தில் நிற்கிறது. அது வேறு கதை.

அடுத்தது, ‘ஏழையின் ஒரே சந்தோசம்’ என்ற நியாயம். இதைச் சொல்பவர்களில் நான் கண்ட அரைவாசிப் பேர் பத்துவதே இல்லை! பத்துகிறவர்களிடம் கேட்டால், “கூட்டட்டும், பெடியன் பழகாமல் இருந்தால் காணும்” என்கிறார்கள். கணக்கும் அவர்கள் பக்கம்தான். விலை 10 வீதம் ஏறினால், எங்களைப் போன்ற நாடுகளில் பாவனை 5 வீதமளவில் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வது. அதிலும் முதலில் கையை எடுப்பது, பையில் காசு குறைந்த இளசுகள்.

உண்மையில் சனம் அரசாங்கத்தை விட முன்னுக்குப் போய்விட்டது. முந்தி செத்தவீடென்றால் வெற்றிலைத் தட்டத்தில் சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாம் அடுக்கி, சின்னப் பெடியளிடம்தான் கொடுத்து விடுவார்கள், வந்தவர்களுக்கு நீட்டச் சொல்லி. வைக்காவிட்டால் கதை வரும். இப்போது பல வீடுகளில் அது இல்லை. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஒரு வீட்டில் விட்டார்கள், அடுத்த வீட்டுக்காரருக்குத் துணிவு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்டுக்கொள்ள, சிகரெட் விற்பதையே நிறுத்திய கடைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். வியாபாரத்தில் விழும் துண்டைத் தெரிந்துகொண்டே செய்தார்கள். அவர்களை நாங்கள் போதுமானளவு பாராட்டவில்லை என்பது என் குறை.

ஆனால் வரி போடும் முறையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சிகரெட்டின் நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து, வகை பிரித்து வரி. கட்டைச் சிகரெட்டுக்குக் குறைவு. விலை ஏறியதும் ஆள் விடுவதில்லை, கட்டைக்கு இறங்குகிறான். அதுவும் கட்டாவிட்டால் பீடி. பீடிக்கு வரும் வரி சிகரெட்டோடு பார்க்க ஒன்றுமே இல்லை. பீடி சுற்றும் இலையோ கள்ளத்தனமாகவும் கடலால் வருகிறது, நேவி மூட்டை மூட்டையாகப் பிடித்த படம் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம்தானே.

அப்புறம் ஒற்றைச் சிகரெட் விற்பனை. 2015இலிருந்து பெட்டியின் 80 வீதத்தில் அழுகிய வாயும் நுரையீரலும் அச்சடிக்கிறார்கள், சரி. பெட்டிக்கடையில் ஒன்று வாங்கி, அங்கேயே தொங்கும் லைட்டரில் பத்த வைத்துக்கொண்டு போகிறவன் அந்தப் படத்தை எங்கே பார்க்கிறான்? 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடக் காற்சட்டையோடு வந்து நிற்பவனின் வயதைக் கேட்கவும் வேண்டுமா?

ஆகவே வரியைக் கூட்டுங்கள் என்பதுதான் என் கட்சி. எல்லா நீளத்துக்கும் ஒரே வரி, பீடிக்கும் சேர்த்து. ஒற்றை விற்பனையை நிறுத்துங்கள். புகையிலையும் பாக்கும் கலந்து மெல்லுகிற மாவா விற்பவனையும் பிடியுங்கள், சிகரெட் மணம் வீட்டில் பிடிபடும் என்று பயந்த பெடியள் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.