அடி பம்பை எடைக்குப் போடாதீர்கள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா வீடு. பழைய ஓட்டு வீடு. தம்பி மாடி வீடு கட்டப்போகிறான் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை இடித்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நிலைக்கதவு, உத்தரம், சீமை ஓடு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை பேசி முடித்திருந்தார்கள். கொல்லையில் நின்ற அடி பம்பை மட்டும் யாரும் கேட்கவில்லை. காயலான் கடைக்காரர் அதை ஜன்னல் கம்பிகளோடு சேர்த்துத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். 28 கிலோ, கிலோ 32 ரூபாய்.

"அண்ணே, அதை இறக்குங்க. அதே காசை நான் தர்றேன்" என்றேன்.

"எதுக்குக்கா இது? தண்ணி இழுத்தே பத்து வருஷமாச்சு" என்றான் தம்பி.

எதுக்கு என்று அப்போதே சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பானா தெரியாது. வீடு இடிக்கிற இடத்தில் யாருக்கும் நேரமிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. நான் வாழ்க்கைப்பட்டது கோட்டூர் பக்கம். பொழுது விடிந்து பார்த்தால் தென்னை மரங்களும் மின்கம்பங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக ரோட்டில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வர 17 நாள் ஆனது. வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, மாடியில் டேங்க் இருக்கிறது, ஆனால் கை கழுவத் தண்ணீர் இல்லை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார்தானே தண்ணீர் ஏற்ற வேண்டும்? ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து டேங்கை நிரப்பினோம். அதற்கும் முறை வைத்துக் காத்திருந்தோம்.

எங்கள் தெருவில் கடைசி வீட்டுப் பெரியம்மா மட்டும் அடி பம்பைப் பிடுங்காமல் வைத்திருந்தார். மோட்டார் போட்ட பிறகும் பாத்திரம் துலக்க அதைத்தான் அடிப்பார். அந்த 17 நாளும் தெரு முழுக்க அவர் கொல்லையில்தான் நின்றது. விடியற்காலை நாலரை மணிக்கே குடங்கள் வரிசையில் இருக்கும். வீட்டில் சாமான் எல்லாம் நனைந்து, சமைக்க விறகு இல்லாமல் இருந்த நேரத்தில், அந்தக் கைப்பிடி கிறீச் கிறீச்சென்று மேலும் கீழும் போகும் சத்தம் கேட்டாலே மனசுக்குத் தெம்பு வரும். வயதானவர்களுக்கு இளவட்டங்கள் அடித்துக் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட அந்தப் பம்பு நிற்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நம் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று.

சரி, பம்பு கதைக்கு வருகிறேன். குட்டி யானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. போல்ட்டுகள் எல்லாம் துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டேன். மறுநாள் வந்த மெக்கானிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். கைப்பிடியைத் தாங்குகிற காது அப்படியே முறிந்து கீழே விழுந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், சர்க்கரையை உடைத்த மாதிரி பொடிப் பொடியாக மின்னியது. "இனி எடைக்குத்தான்மா போடணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எடைக்குப் போட வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர், அறுபதைத் தாண்டியவர். முறிந்த துண்டைக் கையில் வாங்கினதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, வார்ப்பு வளையாது, உடையும்." வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. சாதாரண வார்ப்பில் அது செதில் செதிலாக இரும்புக்குள் பரவிக் கிடக்கும். ஓங்கி அடித்தால் விரிசல் அந்தச் செதில் வழியே ஓடிவிடும். எஃகுக் கம்பியை அடித்தால் வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது. அதே கார்பன் இருப்பதால்தான் எஃகைவிடக் குறைந்த சூட்டில் உருகி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாய்ந்து நிறைகிறது. பம்பின் மூக்கும் காதும் அப்படி வளைவும் நெளிவுமாக வருவது அதனால்தான்.

அவர் முதலில் பம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன ஸ்பேனரால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். நல்ல இடத்தில் மணி மாதிரி ணங்கென்றது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகுமாம். காதைத் தவிர வேறெங்கும் விரிசல் இல்லை. அப்புறம் முறிந்த இரண்டு பக்கத்தையும் சரிவாகத் தேய்த்து, அடுப்புக்கரியில் வைத்துச் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் பண்ணினார். ஒரு விரல் நீளம் வைப்பார், நிறுத்துவார், சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுவார், மறுபடி ஒரு விரல் நீளம். முடித்ததும் சூடு ஆறுவதற்குள் தூக்கிப் போய் ஒரு பழைய டிரம்மில் இருந்த உமிச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது." வேகமாக ஆறினால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடித்துவிடும். உமிச் சாம்பல் சூட்டை விடாமல் பிடித்து வைக்கும். இரும்பு ஆலைகளில் உருக்கிய எஃகின் மேல் சூடு போகாமல் இருக்கப் போர்த்துவதும் இதே உமிச் சாம்பலைத்தான். நம் ஊர் ரைஸ் மில் வாசலில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே, அதேதான்.

மறுநாள் அவர் சாம்பலைத் தோண்டி எடுத்தபோது பம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காது உட்கார்ந்துவிட்டது. இன்றுவரை அசையவில்லை.

பெயின்ட் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பம்பில் பச்சைக்கு மேல் நீலம், நீலத்துக்கு மேல் சிவப்பு என்று எத்தனையோ பூச்சு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த பெயின்ட்டை கிரைண்டர் வைத்துத் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். ஈரம் பண்ணி, கீழே சாக்கு விரித்து, சுரண்டி எடுத்து, அந்தச் சக்கையைக் கட்டித் தனியாகப் போடுங்கள். முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். துருவைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்தபின் வெளியில் மட்டும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்தேன். உள்ளே எதுவும் அடிக்கக்கூடாது. அது தண்ணீர் ஏறி வருகிற வழி.

வாஷருக்குத்தான் அதிகம் அலைந்தேன். கழற்றியபோது உள்ளே இருந்த தோல் வாஷர் கருவாடு மாதிரி சுருங்கி, விளிம்பெல்லாம் கிழிந்திருந்தது. பத்து வருடம் தண்ணீர் இழுக்காததற்குக் காரணம் அது ஒன்றுதான். கடைகளில் ரப்பர் வாஷர் கொடுத்தார்கள். புது பம்புக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் பல வருடம் தேய்ந்து, உள்சுவர் அங்கங்கே சொரசொரப்பாக இருக்கிற பழைய பம்புக்குத் தோல்தான் பொருந்தும் என்பது என் அனுபவம். தோல் தண்ணீரில் ஊறி உப்பி, சுவரோடு சுவராக அணைந்துகொள்ளும். நாலாவது கடையில் கிடைத்தது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, விளக்கெண்ணெய் தடவி மாட்டினேன்.

எங்கே நிறுத்தினேன் என்றால், கொல்லையில் ஏற்கெனவே சும்மா கிடந்த 60 அடி ஃபில்டர் பாயிண்டின், அதாவது அடியில் சல்லடைக் குழாய் வைத்து இறக்கிய போரின் மேல். போர் 60 அடியாக இருந்தாலும் பார்க்க வேண்டியது அதை அல்ல, உள்ளே தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைத்தான். இந்த வகைப் பம்பு தண்ணீரை மேலே தூக்குவதில்லை. குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுத்துவிடுகிறது, வெளியில் இருக்கிற காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அது சுமார் 34 அடிவரை தள்ள முடியும். நடைமுறையில் 22, 25 அடிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நூலில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தேன். தை மாதத்தில் 13 அடி. மே மாதக் கடைசியில் 21 அடி. ஜூன் 12 மேட்டூர் திறந்து, ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்த பிறகு மறுபடி மேலே ஏறிவிடுகிறது. கோடையில் 30 அடிக்குக் கீழே போய்விடுகிற ஊர்களில் இந்தப் பம்பு கோடைக்கு உதவாது. அங்கே இந்தியா மார்க் 2 மாதிரிதான் சரிப்படும். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர் பக்கம் போட்டுச் சோதித்துப் பார்த்த பம்பு அது. தெருமுனையில் நீளக் கைப்பிடியோடு நிற்குமே, அதுதான். அதற்குச் சிலிண்டர் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் 150 அடி ஆழத்திலிருந்தும் தூக்கும். கடலோரத்தில் மேல்மட்டத் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊர்களுக்கும் நான் சொல்வது பொருந்தாது.

முதல் முறை ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றி அடித்தேன். பத்துப் பதினைந்து தடவை அடிக்கும்வரை வெறும் காற்று. அப்புறம் கைப்பிடி திடீரென்று கனத்தது. அந்தக் கனம் கைக்குத் தெரிந்த அந்த நொடியை என்னால் மறக்க முடியாது. முதலில் காப்பிக் கலரில் துருத் தண்ணீர், ஐந்தாறு குடத்துக்குப் பிறகு தெளிந்து வந்தது. மாமியார் வந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "அடிக்கச் சுளுவா இருக்குடி" என்றார்.

குடிக்க மட்டும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். மேல்மட்டத் தண்ணீர், பக்கத்தில் செப்டிக் டேங்குகள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது, கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடிக்கக் காய்ச்சித்தான் எடுக்கிறோம். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் அப்படியே.

மொத்தம் 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. பம்பு, வெல்டிங், குழாய், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து. புது பம்பு வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும், மறைக்கவில்லை. ஆனால் கடையில் இருக்கிற புதுசைத் தூக்கிப் பாருங்கள், பழையதைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து வார்ப்பின் கனமே வேறு. துரு மேலே பிடித்தாலும் உள்ளே போய்ச் சேர வெகு காலம் ஆகும்.

நாத்தனார் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடு. இடித்த கட்டிடத்துச் சாமான் விற்கிற இடத்திலிருந்து ஒரு வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வாங்கினாள். சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்குகிற சாதனம், பிரிவு பிரிவாகக் கோத்தது. உள்ளே இருந்த துருச் சேற்றை அலசி, அழுத்தம் கொடுத்து ஒழுகுகிறதா என்று சோதித்து, தரை எடை தாங்குமா என்று பார்த்து வீட்டில் பொருத்தியிருக்கிறாள். பாய்லரை அணைத்த பிறகும் வெகு நேரம் சூடு நிற்கிறதாம். அவர்கள் ஊரில் பழைய வார்ப்புக்கு எடை விலை போடாமல் வேலை விலை போடுகிறார்கள். நம் ஊரில் பம்பு ஒன்று காயலான் கடைக்குப் போகிறது, இல்லையென்றால் பெயின்ட் அடித்து ஓட்டல் வாசலில் அலங்காரத்துக்கு நிற்கிறது. தண்ணீர் இழுக்கத் தெரிந்த பொருளைப் பொம்மையாக நிறுத்துவதைப் பார்க்க எனக்கு ஆற்றமாட்டாமல் வருகிறது.

வீட்டுக்கு வீடு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெருவுக்கு ஒன்றாவது வேலை செய்கிற நிலையில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு வாஷர், கைப்பிடி ஆணிக்குக் கொஞ்சம் கிரீஸ், வாரத்தில் ஒரு நாள் நாலு குடம் அடிப்பது, இவ்வளவுதான் செலவு. அடிக்காமல் விட்டால் தோல் காய்ந்துவிடும். ஐப்பசி பிறந்தாலே புயல் பேச்சு வந்துவிடுகிற மண் இது. வீடு இடிக்கிறவர்கள், போர் மாற்றுகிறவர்கள், பம்பைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் திறந்து அந்த வாஷரை ஒரு தடவை பாருங்கள்.

போன வாரம் தம்பி போன் பண்ணினான். அவன் புது வீட்டுக் கொல்லையில் பழைய போர் அப்படியே இருக்கிறதாம், நூல் விட்டுப் பார்த்ததில் 15 அடியில் தண்ணீர் நிற்கிறதாம். காயலான் கடையில் இன்னொரு பம்பு பார்த்து வைத்திருக்கிறேன். காது முறியவில்லை, போல்ட்டுதான் இறுகிக் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப்போடச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நான் போகும்வரை சுத்தியலை யாரும் தொடக்கூடாது என்றும்.