எண்ணெயில் ஈரம் இல்லை

“தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ, எல்லாம் ஒன்றுதான், உலர்ந்த சுருள்முடியில் தினமும் தடவினால் ஈரப்பதம் தானாகக் கிடைக்கும்” என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று.

எண்ணெயில் நீர் இல்லை. குளித்தபின் முடியில் எஞ்சும் ஈரம் விரைவில் வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை என்பதால், துண்டால் ஒற்றியெடுத்த ஈரமுடியின் நுனிப்பகுதியில் சில சொட்டுகள் பூசுவதே பயன் தரும்.

எண்ணெய்களும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியதாகவும் நேரான சங்கிலியாகவும் இருப்பதால் முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வொன்றில், முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தலைக்குக் குளிக்குமுன் எண்ணெய் வைத்த நம் பாட்டிமாரின் வழக்கம் (அவர்கள் லாரிக் அமிலத்தைக் கேள்விப்பட்டதில்லை என்றாலும்) இதனோடு பொருந்திப்போகிறது. விளக்கெண்ணெயோ மிகவும் பிசுபிசுப்பானது. சுருள்முடியில் அதைத் தனியாக அப்பினால் அலசி எடுப்பதே பெரும்பாடு.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே இங்கு முடி பரட்டையாவதற்கு வறட்சி மட்டுமே காரணமன்று. காற்றிலுள்ள நீரை முடி உறிஞ்சி உப்புவதும் காரணம். மெல்லிய எண்ணெய்ப் படலம் அதை ஓரளவு மட்டுப்படுத்தும். பொடுகு உள்ளவர்கள் மட்டும் உச்சந்தலையில் எண்ணெயை நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பை உண்டே பெருகுகிறது.