பிள்ளையார் பக்கத்தில் போன்

மச்சான் புது மைவி கார் எடுத்திருக்கிறான். கோயிலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு போன் ஹோல்டர் ஒன்று வாங்கி, முன்கண்ணாடியின் வலது ஓரத்தில், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் தூணை ஒட்டி, கண்ணுக்கு நேராக அப்பிவிட்டான். "அப்பதான் மச்சான் தலையைத் திருப்பாம வேஸ் பார்க்கலாம்." வேஸ் என்பது போனில் வழி காட்டும் செயலி.

சரி, ஓட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சாலையில் ஏறும் முச்சந்தி. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் நம்மை முதலில் இடிக்க வருவது வலப்பக்கத்து வண்டிதான். பார்த்தான், ஒன்றும் இல்லை என்று பிரேக்கை விட்டான். நான் கத்தினேன். நான் உட்கார்ந்த கோணத்தில் தெரிந்த கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், அவனுக்குப் போனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஓட்டியவர் பின்சீட்டில் கேஸ் சிலிண்டர் வேறு. அந்தத் தூண் ஒன்றே ஒரு மோட்டாரை மறைக்கப் போதும். அதன் பக்கத்தில் போனையும் நட்டால் சுவர்தான்.

கண்ணாடியில் ஒட்டினால்தான் "லைன்" கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஜிபிஎஸ் துணைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றில் நான்கின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு சாண் கீழே இறக்குவதால் அதற்கு என்ன குறை? கண்ணாடியில் உலோகம் கலந்த டின்டட் (கறுப்புத் தாள்) ஒட்டினால்தான் சிக்னல் திணறும்.

என்னைக் கேட்டால், ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், ஏர்கோன் துவாரத்தில் மாட்டுங்கள். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், சாலையும் மறையாது. ஏர்பேக் மூடிமேல் மட்டும் வேண்டவே வேண்டாம், விரிந்தால் போன் முகத்துக்குத்தான் வரும். நம் வெயிலுக்கு ஏர்கோன் காற்று பெரிய உதவி. வரைபடம், திரை வெளிச்சம், சார்ஜ் மூன்றும் சேர்ந்தாலே போன் கொதிக்கும். அதோடு நேர் வெயிலும் விழுந்தால் திரை மங்கி அணைந்துவிடும், அதுவும் முச்சந்தியில் எந்தப் பக்கம் என்று தெரியாத நேரமாகப் பார்த்து. போகும் இடத்தை வண்டி நகருமுன் வேஸில் தட்டிவிடுங்கள். போனைக் கையில் பிடித்து ஓட்டினால் சம்மன், தெரியும்தானே?

தோட்டத்துக்குள் நுழைந்ததும் வேஸை நம்பாதீர்கள். 2007இல் ஊர் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியும் அத்தைக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். வழி கேட்டால் கட்டைக் கணக்கில், அதாவது மைல்கல் எண்ணிச் சொல்வார். வேஸ் ஒருமுறை என்னைச் செம்பனைக் குலை ஏற்றும் பாதையில் இறக்கி, செம்பனை நிரைகளுக்கு நடுவே ஒரு பெரிய வாய்க்கால் முன்னால் நிறுத்தியது. அன்று அத்தையின் கட்டைக் கணக்குதான் வீடு சேர்த்தது.

மச்சான் ஹோல்டரைக் கழற்றி, துவாரத்தில் மாட்டும் வகை ஒன்று வாங்கிவிட்டான். அதற்கு இடம் விட்டு டேஷ்போர்டுப் பிள்ளையார் இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அத்தைக்குத்தான் அதில் வருத்தம்.