கடவுள் இறந்தால் யார் வந்து சொல்வார்கள்?

கடவுள் இறக்க முடியுமா, இறந்தால் அது மனிதருக்கு எப்படித் தெரியவரும் என்று நண்பர் ஒருவர் சென்ற மாதம் பாம்பன் கடற்கரையில் நின்றுகொண்டு கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கோ உடனே நினைவுக்கு வந்தது என் சித்தி.

சித்தப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். ஒரு வாடைக் காலத்தில் படகு மட்டும் கவிழ்ந்த நிலையில் அகப்பட்டது; ஆள் அகப்படவில்லை. நிவாரணம் கேட்டுப் போன அலுவலகத்தில் சித்தியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, உடல் கிடைத்ததா என்பது. கிடைக்கவில்லை என்றதும், ஏழு ஆண்டுகள் கழித்து வரச்சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று எங்களுக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. பிறகு அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தபோது, அதை எழுதியவர்கள் மரணத்தைப் பற்றி நம்மைவிட ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்து, 2024இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடரும் விதி அது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்கு அவரைப் பற்றிய செய்தி எட்டியிருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் எட்டவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேரும். கவனித்துப் பார்த்தால், அவர் இறந்துவிட்டார் என்று அந்த விதி தன் வாயால் சொல்வதில்லை. சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிறது, அவ்வளவே.

ஏழாண்டு முடிந்து வழக்குப் போட்டு, சித்தி சான்றிதழும் வாங்கிவிட்டார். ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக் கருத்து, அதாவது எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதை, எழுதிக்கொடுக்கும்போது, அதற்குப் பிறகும் 'நலமோடு கரை சேர' என்றே எழுதிவந்தார். புதிதாக வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று மாற்றி எழுதலாமே என்று பரிவோடு சொன்னார். சித்தி சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சர்க்காருக்குத்தானே சாமி அவர் செத்துப்போனாரு."

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தமிழ் மரபுக்குத் தெய்வங்கள் இறப்பது ஒன்றும் அதிர்ச்சியான செய்தியல்ல. வேடனின் அம்பு காலில் தைத்துக் கண்ணன் உடல் துறந்ததை நம் பாட்டிகள் கதையாகவே சொல்லியிருக்கிறார்கள். அப்பரோ நூறு கோடிப் பிரமர்களும் ஆறு கோடி நாராயணர்களும் கங்கை மணலளவு இந்திரர்களும் மாண்டுபோனதாகக் கணக்கே கொடுத்து, ஈறில்லாதவன் ஈசன் ஒருவனே என்று முடிக்கிறார். அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கையின் பிரமாண்டமல்ல. எண்ணுவதற்கு ஒருவன் எஞ்சியிருந்தாக வேண்டும் என்பது. எந்தச் சாவுக்கும் பின்னால் எஞ்சிநிற்கும் ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் பின்னால் எஞ்சிநிற்பவன் எவனோ அவனே கடவுள் என்று வைத்துக்கொண்டால், அவனுடைய சாவுக்குச் சாட்சி சொல்ல எவரும் எஞ்சமாட்டார்கள். ஆகவே அவன் இறக்க முடியுமா என்பதை நான் ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிடுகிறேன். இறந்தாலும் தகவல் வராது என்பதில் மட்டும் எனக்கு உறுதி உண்டு.

ஆனாலும் தகவல் வந்ததாகச் சில கதைகள் இருக்கின்றன. அவற்றில் கடற்கரைக்காரனான எனக்கு நெருக்கமானது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிந்துவைத்த ஒன்று. உரோமைப் பேரரசன் திபேரியுவின் காலத்தில், மாலை நேரத்தில் காற்று விழுந்து மிதந்துகொண்டிருந்த ஒரு கப்பலின் மாலுமியை, எதிரே இருந்த தீவிலிருந்து ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது. தாமுஸ் என்ற அந்த மாலுமி மூன்றாம் முறைதான் மறுமொழி சொல்கிறான். குறிப்பிட்ட கரையை நெருங்கும்போது 'மாபெரும் பான் இறந்துவிட்டான்' என்று அறிவிக்கச் சொல்கிறது குரல். பான் என்பவன் கிரேக்க இடையர்களின் தெய்வம். காற்றடித்தால் பேசாமல் கடந்துவிடுவது, அமைதியாக இருந்தால் சொல்லிவிடுவது என்று அவன் முடிவெடுக்கிறான். காற்றில்லை. அவன் கரையை நோக்கிச் சொல்கிறான். கரையிலிருந்து பலர் சேர்ந்து அழும் ஒலி எழுகிறது. ஒரு தெய்வத்தின் சாவுச் செய்தி ஊரைச் சேருமா சேராதா என்பது அன்றைய காற்றைப் பொறுத்திருந்தது! அதைவிட, முகமறியாத ஒரு குரலைத் தவிர அந்தச் செய்திக்கு வேறு சான்றே இல்லை.

எங்கள் கோயிலில் ஆண்டுக்கொரு முறை கடவுள் இறந்த நாளைக் கடைப்பிடிக்கிறோம். பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பீடத்தில் துணிகூட இருக்காது; திருவப்பம் வைக்கும் நற்கருணைப் பேழையின் கதவு திறந்து, உள்ளே வெறுமையாகக் கிடக்கும்; பக்கத்தில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும். சிறுவயதில் அந்தத் திறந்த கதவைப் பார்த்துப் பயந்து, ஞாயிறு வரைக்கும் உலகத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உபதேசியாரிடம் கேட்டேன். "பிதா இருக்காருடா, நீ வாயைப் பொத்து" என்றார். இறையியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார் என்றே இப்போதும் நினைக்கிறேன். இந்துக் கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது மூலவரின் கலையை, அதாவது தெய்வ ஆற்றலை, கும்பத்தில் இறக்கிப் பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைக்கிறார்கள். கருவறையில் அதே சிலைதான் நிற்கிறது; அதன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குருக்கள் சொல்லாவிட்டால் அவர் அங்கே இல்லை என்பது யாருக்குத் தெரியும்?

எல்லா இடங்களிலும் நமக்குத் தெரியவந்தது மனிதர் சொல்லித்தான். அதனால்தான் சட்டத்தின் அந்தச் சொற்கள் முக்கியம்: 'இயல்பாக யாருக்குச் செய்தி எட்டியிருக்குமோ அவர்கள்.' கடவுள் இறந்துவிட்டார் என்று மேடையில் முழங்குபவர்களில் பலருக்கு, இருந்த காலத்திலும் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை என்பது எதற்கும் சான்றாகாது. அவர் இருக்கிறார் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்பவர்களையும் நான் சாட்சியாகச் சேர்க்கமாட்டேன். காணாமற்போனவரின் சொத்தை ஆண்டு அனுபவிப்பவர்கள் அவர் உயிரோடிருப்பதாகச் சொன்னால் எந்த நீதிமன்றம் ஏற்கும்?

சாட்சி சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவரை எனக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் இழுத்துக்கொண்டபோது, அவர் அந்த ஊரில் ஒன்பது வயதுச் சிறுவன். தாயையும் தங்கையையும் அன்று பறிகொடுத்தார். கூரையற்று நிற்கும் அந்தத் தேவாலயத்தின் சுவருக்கருகில் உட்கார்ந்து, அந்த இரவில் கடவுள் செத்துப்போனதாக உங்களுக்குத் தோன்றவில்லையா என்று அவரிடம் கேட்டேன். கேட்டது தவறுதான். அவர் கோபப்படவில்லை.

"செத்துப்போனார்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அன்னைக்கு ராத்திரி அவர் இங்க இல்ல. எங்க போயிருந்தாருன்னு கேக்கத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன்."

பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் எழுந்து, உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வலை காய்ந்த இடத்துக்குப் போய்விட்டார்.