வாட்ச் கட்டினால் சீனி அளவு தெரியுமா?

"ஊசி குத்தாமலே சீனி அளவு காட்டும் ஸ்மார்ட் வாட்ச், இனி குளுக்கோமீட்டர் தேவையில்லை" என்று யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. இது பொய்.

வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சம், தோலுக்குக் கீழே இரத்த ஓட்டம் கூடிக் குறைவதைப் பார்த்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. சீனியை அதனால் அறிய முடியாது. தானாகவே சீனி அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. சிலர் வாட்ச்சில் சீனி பார்ப்பது உண்மைதான். ஆனால் அவர்கள் உடம்பில், தோலுக்குள் மெல்லிய இழை செருகிய தனி சென்சர் ஒட்டியிருக்கும். வாட்ச் அந்த எண்ணைக் காட்டும் திரை மட்டுமே.

பிழையான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சீனி சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மா அப்பாவுக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

சரி, யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் காலையில் நடக்கிறவருக்கு எந்த வாட்ச் நல்லது? வெயிலில் எழுத்துத் தெரிகிற திரை, சில நாள் நிற்கும் சார்ஜ், வியர்வை தாங்கும் பட்டி போதும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல் கட்டுங்கள். குளுக்கோமீட்டரை மட்டும் தூக்கி வைத்துவிடாதீர்கள்.